வெடி என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில். பிழைப்பு, அச்சுக்குப் போகும் தமிழில் பிழை திருத்துவது. எங்கள் ஊரிலிருந்து சாத்தூர் வழியாகச் சிவகாசிக்கு பஸ் ஏறினால் 'வெடி' என்ற சொல்லின் வரலாறு முழுவதையும் ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்: முதலில் வெடித்த நிலம், அடுத்து வெடித்த பருத்தி, கடைசியில் வெடிக்கடைகளின் பெயர்ப்பலகைகள். தெரிந்தவர்கள், வாசகர்கள், உடன் வேலை பார்க்கும் இளைஞர்கள் என்று பலரும் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவை இங்கே. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் அதிகம் கேட்கிறார்கள்.

வெடி என்பதற்கு அடிப்படைப் பொருள் என்ன? சத்தமா, நெருப்பா?

இரண்டும் இல்லை. பிளத்தல்தான். ஆனால் எல்லாப் பிளத்தலும் வெடித்தல் ஆகாது. கோடரியால் விறகைப் பிளக்கிறோம். அப்போது விறகு வெடித்தது என்று யாரும் சொல்வதில்லை. அதே விறகை வெயிலில் பத்து நாள் போட்டுவைத்தால் யாரும் தொடாமலே அதில் நீளமாகக் கோடு விழும். அதை வெடிப்பு என்கிறோம். வெளியிலிருந்து அடி விழாமல், உள்ளுக்குள் ஏறிய இறுக்கமோ பெருக்கமோ தாங்காமல் ஒரு பொருள் தானே வாய் பிளப்பது வெடித்தல். சத்தம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். நெருப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சத்தமே இல்லாமல் வெடிப்பது எப்படி?

சித்திரை மாதம் ஒரு கரிசல் காட்டில் போய் நில்லுங்கள். ஈரம் குடித்தால் உப்புவதும் வற்றினால் சுருங்குவதும் கரிசல் மண்ணின் குணம். மழை நின்று மாதங்கள் ஆனதும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒவ்வொரு வெடிப்பும் கை நுழையும் அகலம். சிலவற்றில் முழங்கை வரை போகும். சிறுவயதில் என் கோலிக்குண்டு ஒன்று அப்படி ஒரு வெடிப்புக்குள் உருண்டு போய்விட்டது. கையை விட்டேன், எட்டவில்லை. குச்சியை விட்டேன், குச்சியும் போய்விட்டது. "மழை பெய்து நிலம் மூடட்டும், உழவில் மேலே வரும்" என்றார் அப்பா. எத்தனையோ உழவு ஆகிவிட்டது. அது இன்னும் வரவில்லை.

அதே காட்டில் பருத்தி வெடிப்பதும் சத்தமில்லாமல்தான். பச்சையாக, கெட்டியாக இருந்த காய் முற்றிக் காய்ந்து, நுனியிலிருந்து நாலைந்து பிளவாகப் பிரியும். உள்ளே அடைபட்டிருந்த பஞ்சு பொங்கி வெளியே தொங்கும். "பருத்தி வெடித்துக் கிடக்கிறது, எடுக்க ஆள் இல்லை" என்பது தை, மாசியில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல். (பருத்தியை எடுப்பார்கள், பறிக்கமாட்டார்கள். 'பருத்தி பறிக்கும் பெண்கள்' என்று எழுதுகிறவர் காட்டுக்குள் கால் வைக்காதவர்.)

இலவு காத்த கிளியின் கதையிலும் இந்த வெடிதான். காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருக்கிறது. காய் பழுக்காமல் வெடிக்கிறது. பஞ்சு காற்றில் போகிறது. அந்தக் கதையில் கிளியை ஏமாற்றியது சத்தம் போடாத ஒரு வெடிப்பு. குதிகாலில் வரும் பித்தவெடிப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. தோல் வறண்டு இறுகி, உடம்பின் கனம் தாங்காமல் பிளக்கிறது. ஆக, பட்டாசுக் கடையிலும் மருந்துக் கடையில் குதிகால் களிம்பு வாங்கும்போதும் நாம் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்.

வெடிப்பு, விரிசல், கீறல், பிளவு எல்லாம் ஒன்றுதானா?

சுவரில் விரிசல், கண்ணாடியில் கீறல், கட்சியில் பிளவு, ஏரிக்கரையில் உடைப்பு, நிலத்திலும் காலிலும் வெடிப்பு. இவற்றை மாற்றிப் போட்டால் காது ஒத்துக்கொள்ளாது. சுவர் 'வெடித்திருக்கிறது' என்று கொத்தனார் சொன்னால் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். மேல்பூச்சோடு நிற்காமல் உள்ளிருந்து வந்திருக்கிறது என்பதற்காகத்தான் அவர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்.

'முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது' என்கிறார்களே, எள்ளும் கொள்ளும் அங்கே எப்படி வந்தன?

இதற்கு அடுப்படிக்குப் போக வேண்டும். காய்ந்த இரும்பு வாணலியில் ஒரு கைப்பிடி எள்ளைப் போடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. நாம் வேறு வேலையைப் பார்க்கத் திரும்பும் நேரத்தில் ஒன்று 'டப்' என்று எகிறும். பிறகு நாலு, பிறகு படபடவென்று மொத்தமும் துள்ளி அடுப்பைச் சுற்றிச் சிதறும். கையில் தெறித்தால் சுரீர் என்று இருக்கும். கொள்ளு கொஞ்சம் தாமதிக்கும். தோல் பிரிந்து கனமாக வெடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வறுத்தால் சின்ன வெடியும் பெரிய வெடியும் கலந்து கேட்கும்.

கோபக்காரரின் முகம் அந்த வாணலி. அதில் எதைப் போட்டாலும் வெடிக்கும் என்பதுதான் பொருள். கோபம் ஏறிய முகத்தை நெருப்போடு ஒப்பிடுவது பல மொழிகளிலும் கிடைக்கும். அந்தச் சூட்டை அளக்க எள்ளையும் கொள்ளையும் எடுத்துப் போட்டுப் பார்த்தது தமிழ்நாட்டு அடுப்படி. இதை முதலில் சொன்னவர் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார் என்பது என் ஊகம். அந்த முகம் யாருடையது என்பதைப் பற்றியும் எனக்கு ஓர் ஊகம் உண்டு.

சமையல் குறிப்புகளில் 'கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பைச் சேர்க்கவும்' என்று வரும். 'பொரிந்ததும்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரி. பார்வைதான் வேறு. பொரிதல் சூட்டில் ஒரு பொருள் மலர்ந்து வேறொன்றாவது. நெல் பொரிகிறது, சோளம் பொரிகிறது, பொரி கிடைக்கிறது. வெடித்தல் தோல் பிளக்கும் அந்த நொடி மட்டும். கடுகு பெரிதாக எதுவாகவும் மாறுவதில்லை என்பதால் நான் 'வெடித்ததும்' பக்கம்.

வெடிச்சிரிப்பையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். அடக்கி அடக்கி வைத்து, முடியாமல் வெளியே வந்துவிடும் சிரிப்புக்குத்தான் அந்தப் பெயர். சத்தமாகச் சிரித்தால் மட்டும் போதாது. முன்னால் அடக்கியிருக்க வேண்டும்.

இது தமிழ்ச் சொல்லா, வெளியிலிருந்து வந்ததா?

தமிழ்ச் சொல்தான், வெடிமருந்து இந்த நாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. புறநானூற்றின் 302ஆம் பாட்டு ஒரு வீரனுடைய குதிரையின் பாய்ச்சலை 'வெடிவேய் கொள்வது போல' என்கிறது. வேய் என்றால் மூங்கில். வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கையிலிருந்து விட்டால் விருட்டென்று நிமிர்ந்து எழுமே, அந்தத் துள்ளல்தான் அங்கே வெடி. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அடைபட்ட விசை விடுபடுவது மட்டும் இருக்கிறது. எள் வாணலியில் துள்ளுவதற்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை.

அக்கம்பக்கத்து மொழிகளையும் பார்க்கலாம். மலையாளத்தில் இதே வெடி. துளுவிலும் கடலோரக் கன்னடத்திலும் 'பெடி'. நாம் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும்: வெல்லம் அங்கே பெல்ல, வெள்ளி பெள்ளி, வேர் பேரு, வேட்டை பேட்டெ. அந்த வரிசையில் வெடி பெடி ஆகிறது. தென் கன்னட மாவட்டத்துப் புத்தூர் மகாலிங்கேசுவரர் கோயில் திருவிழாவின் வாணவேடிக்கைக்கே 'புத்தூர் பெடி' என்றுதான் பெயர். கடன் வாங்கிய சொல் இப்படி ஒழுங்காக எழுத்து மாறி நிற்பது அரிது. கூடப் பிறந்த சொல்தான் நிற்கும்.

இலங்கையில் துப்பாக்கிச் சூட்டை 'வெடி வைத்தார்கள்' என்கிறார்கள். அது ஏன்?

தமிழ்நாட்டில் நாம் 'சுட்டான்' என்கிறோம். சுடுதல் என்றால் நெருப்பால் தீய்ப்பது. ஈழத்தில் 'வெடி வைத்தான்', 'வெடிபட்டு இறந்தார்' என்கிறார்கள். மலையாளிகளும் அப்படித்தான். அங்கே துப்பாக்கிச் சூட்டுக்கு 'வெடிவய்ப்பு' என்று பெயர். தமிழ்நாட்டு வாசகர் கேரளச் செய்தியில் 'வெடி' என்று பார்த்ததும் பட்டாசு விபத்து என்று நினைத்துவிடுகிறார். மொழிபெயர்ப்பில் இந்தக் குழப்பத்தை நானே ஒன்றிரண்டு முறை திருத்தியிருக்கிறேன்.

இதைவிடச் சுவையானது சிங்களம். அது வேறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் துப்பாக்கி வேட்டுக்கு அங்கேயும் 'வெடி'தான், தமிழிலிருந்து போனது. சுடுவதற்கு 'வெடி தபனவா' என்பார்கள். தபனவா என்றால் வைப்பது. வெடிமருந்துக்கு 'வெடி பெஹெத்'. பெஹெத் என்றால் மருந்து. சொல்லை மட்டும் வாங்காமல் அதன் வாக்கியப் போக்கையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தீவில் இந்தச் சொல் எத்தனை வீடுகளில் எப்படிப்பட்ட நேரங்களில் சொல்லப்பட்டது என்று நினைத்தால், இலக்கணம் பேசிக்கொண்டிருக்கும் வாய் கொஞ்சம் நின்றுபோகிறது.

கேரளத்தில் இதற்கு இலேசான பக்கமும் உண்டு. சபரிமலைக்குப் போனவர்களுக்கு வெடிவழிபாடு தெரியும். ஒலிபெருக்கியில் 'சிறிய வெடி இத்தனை, பெரிய வெடி இத்தனை' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். காட்டுக்குள்ளிருந்து 'டமால்' என்று பதில் வரும். திருச்சூர்ப் பூரத்தின் வாணவேடிக்கைக்கு வெடிக்கெட்டு என்று பெயர். உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பதையும் அங்கே 'வெடி பறையுக' என்பார்கள்.

வெடிக்கிற பொருளுக்கு 'மருந்து' என்று எப்படிப் பெயர் வைத்தார்கள்?

நாம் மட்டும் வைக்கவில்லை. தெலுங்கில் 'மந்து' மருந்தும்தான், வெடிமருந்தும்தான் (போதாக்குறைக்குச் சாராயமும்). கன்னடத்தில் 'மத்து'. மராத்தியில் 'தாரூ', அதுவும் வெடிமருந்துக்கும் மதுவுக்கும் பொது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சீனர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஹுவோ யாவ்', அதாவது தீ மருந்து. ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் சாகாமல் இருப்பதற்கு மருந்து தேடிய தாவோ சமயத்து ரசவாதிகள், கந்தகத்தையும் வெடியுப்பையும் (பொட்டாசியம் நைட்ரேட்) மற்றவற்றோடு கலந்து சூடாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது இது. தாடியும் வீடும் எரிந்துபோனதாகக் குறிப்பும் உண்டு. 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் போர்க்கலை நூல் ஒன்றில் இதன் கலவை முறைகள் எழுத்தில் வந்துவிட்டன. நம் சித்த மருத்துவர்களும் கந்தகத்தையும் வெடியுப்பையும் மருந்துச் சரக்காகவே கையாண்டார்கள். ஆக, பெயர் பொருத்தம்தான். விளைவுதான் வேறாகப் போய்விட்டது.

பழைய கருமருந்தின் கணக்கு சுலபம்: நூறு பங்கில் ஏறத்தாழ 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். கரியும் கந்தகமும் எரியும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். வெளிக்காற்றை எதிர்பார்க்காமல், சுற்றிய காகிதத்துக்குள் அடைபட்ட நிலையிலும் கண் இமைக்கும் நேரத்தில் எரிந்து வாயுவாகப் பெருகும். காகிதம் தாங்காது, பிளக்கும். அதே மருந்தைத் திறந்த தரையில் கொட்டிப் பற்றவைத்தால் 'புஸ்' என்று எரிந்து அடங்கும். அடைத்து வைத்தால்தான் வெடி. பருத்திக் காய்க்கும் இதே இலக்கணம்தான் என்பதைக் கவனியுங்கள். மருந்து நம் கைக்கு வந்தபோது அதற்குப் புதுப்பெயர் தேடவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

எப்போது வந்தது என்றால், 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதற்குள் தென்னாட்டுக்கு வந்துவிட்டது.

வெடி, வேட்டு, பட்டாசு: எது சரி?

மூன்றும் சரி. சின்ன வயதில் நாங்கள் வேட்டுத்தான் போட்டோம்; பட்டாசு என்பது அட்டைப்பெட்டியின் மேல் இருந்த சொல். கோயில் கொடையில் போடுவது அதிர்வேட்டு. அதைப் பட்டாசு என்றால் வேட்டுப் போடுகிறவருக்குக் கோபம் வரும். வேட்டு மரபுத்தொடர்களில் நன்றாக வேர் பிடித்துவிட்டது: காரியத்துக்கு வேட்டு வைத்தான், அவன் வெற்றுவேட்டு. பட்டாசு இந்தியின் படாக்கா, மலையாளத்தின் படக்கம், கன்னடத்தின் படாக்கி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல். 'பட்' என்ற ஓசை எல்லாவற்றிலும் இருக்கிறது. வெடி பிளப்பைப் பார்த்து வந்த பெயர், பட்டாசு சத்தத்தைக் கேட்டு வந்த பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மத்தாப்பு, பாரசீக 'மஹ்தாப்'. நிலவொளி என்று பொருள். எழுத்து மாறியதில் இவ்வளவு அழகான பொருளைத் தொலைத்துவிட்டோம். வாணம், அம்பைக் குறிக்கும் வடமொழி 'பாண'. புஸ்வாணத்தின் 'புஸ்' நம்முடையது. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலாவில் வரும் வாலா இந்தியிலிருந்து வந்தது. வாணவேடிக்கையில் உள்ள 'வேடிக்கை'யை வெடியோடு முடிச்சுப் போடவேண்டாம். அது தெலுங்கு 'வேடுக'வோடு போகும் சொல். கேரளத்து வெடிக்கெட்டின் சாயல் நம்மை மயக்குகிறது, அவ்வளவுதான்.

சரவெடி என்ற சொல்லுக்கு மட்டும் இப்போது ஒரு சட்டச் சிக்கல். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கோத்து வெடிக்கும் பட்டாசுகளுக்குத் தடை போட்டது. சொல்லுக்குத் தடை இல்லை. 'சரவெடி ஆட்டம்' என்று கிரிக்கெட் செய்தியில் அது தாராளமாக வெடித்துக்கொண்டிருக்கிறது.

'பட்டாசு வெடித்தோம்' என்று எழுதலாமா? நாமா வெடித்தோம்?

இந்தக் கேள்வியை ஒரு தமிழாசிரியர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார். அவர் சொல்வது நியாயம்தான். வெடி தன்வினை. பட்டாசு வெடிக்கும், மனிதர் வெடிக்கச் செய்வார், கொளுத்துவார், போடுவார். 'பட்டாசு வெடித்து, இனிப்பு வழங்கிக் கொண்டாடினர்' என்று தேர்தல் முடிவு நாளில் எத்தனை முறை அச்சாகிறதோ, அத்தனை முறையும் தொண்டர்கள் வெடித்ததாகத்தான் இலக்கணம் சொல்லும்.

ஆனால் நான் அதைத் திருத்துவதில்லை. 'பட்டாசை வெடித்தான்' என்று இரண்டாம் வேற்றுமையோடு சொல்லும் அளவுக்கு அது வழக்கில் செயப்படுபொருள் குன்றா வினையாகிவிட்டது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் குழப்பம் இல்லை. கொளுத்தினோம் என்று எழுதினால் எனக்கு இன்னும் பிடிக்கும். அது என் விருப்பம், விதி ஆகாது.

வெடிகுண்டா, வெடிக்குண்டா? வெடிசத்தமா, வெடிச்சத்தமா?

வெடிகுண்டு, வெடிமருந்து, வெடிபொருள் ஆகியவை வினைத்தொகை. வெடித்த குண்டு, வெடிக்கிற குண்டு, வெடிக்கும் குண்டு என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அதனால் 'க்', 'ப்' வராது. வெடிச்சத்தத்தில் வெடி பெயர்ச்சொல், வெடியினது சத்தம். அங்கே 'ச்' வரவேண்டும். வெடித்திரியும் அப்படியே.

இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. வெடிக்கடை என்றால் வெடி விற்கும் கடை. ஒற்றை விட்டுவிட்டு 'வெடிகடை' என்று எழுதினால் வெடிக்கும் கடை. ஒரு 'க்' போனதால் கடையே போய்விடும். சிவகாசியில் இப்படி எழுதிய பலகை ஒன்றின் கீழ் நின்று நான் டீ குடித்திருக்கிறேன், சீக்கிரமாகவே குடித்தேன்.

ஆங்கிலத்தின் 'எக்ஸ்ப்ளோட்' என்ற சொல்லும் பிளப்பதிலிருந்து வந்ததா?

இல்லை, கைதட்டலிலிருந்து. இலத்தீனில் 'ப்ளௌதேரே' என்றால் கைதட்டுவது. அதோடு 'எக்ஸ்' சேர்ந்து 'எக்ஸ்ப்ளோதேரே': கைதட்டிச் சத்தம் போட்டு வெளியேற்றுவது. ரோமாபுரியில் நடிகர் சரியில்லை என்றால் கூட்டம் தட்டியும் கூவியும் அவரை மேடையிலிருந்து விரட்டும். அதற்கு அமைந்த சொல் இது. ஆங்கிலத்திலும் முதலில் ஒரு கருத்தை எள்ளி ஒதுக்குவதற்குத்தான் வழங்கியது. குண்டு வெடிப்பதற்கு அந்தச் சொல் மிகவும் பின்னால் வந்து சேர்ந்தது. பாராட்டிக் கைதட்டுவதைக் குறிக்கும் 'அப்ளாஸ்' இதற்கு உடன்பிறப்பு. 'பாம்' என்பதும் ஓசையிலிருந்து வந்ததே. கிரேக்க 'போம்போஸ்', கும்மென்ற முழக்கம். நம் குண்டு, உருண்டையாக இருப்பதால் குண்டு. அவர்கள் காதால் கேட்டதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் பட்டாசு என்ற சொல் அந்த வாதத்தைக் கெடுத்துவிடுகிறது.

மேகவெடிப்பில் எது வெடிக்கிறது? பெருவெடிப்பு நல்ல மொழிபெயர்ப்பா?

மேகவெடிப்பில் எதுவும் வெடிப்பதில்லை. சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினால் வானிலைத் துறை அதற்கு அந்தப் பெயரைத் தருகிறது. நிரம்பிய தோல்பை கிழிந்தது போல என்ற உவமைதான் பெயர். நம் கிராமத்தார் 'வானம் பொத்துக்கொண்டது' என்பார்கள். செய்தித் தலைப்புக்கு அது நீளம்.

அண்டம் தோன்றியதைப் பற்றிய கொள்கைக்குப் பெயரான பெருவெடிப்பு சிக்கலான கதை. 1949இல் பிபிசி வானொலியில் பேசிய பிரெட் ஹாயில் என்ற வானியலாளர் 'பிக் பேங்' என்று சொன்னார். அந்தக் கொள்கையை அவர் ஏற்காதவர் என்பதுதான் வேடிக்கை. 'பேங்' என்றால் 'டமால்'. அண்டம் தோன்றியபோது காற்றும் இல்லை, கேட்கக் காதும் இல்லை. எங்கோ ஒரு மூலையில் ஏதோ ஒன்று சிதறியதாகவும் அறிவியல் சொல்லவில்லை. விண்வெளியே விரிந்தது என்கிறது. 'டமால்' என்று பெயர்க்காமல் வெடிப்பு என்று பெயர்த்ததால், சத்தம் இல்லாத பருத்தி வெடிப்பையும் நினைக்க இடம் இருக்கிறது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு சற்று மேல் என்று எனக்குத் தோன்றும் அபூர்வமான இடம் இது.

'போர் வெடித்தது' என்று எழுதுவது சரியா?

போர் மூளும். மூளுதல் என்றால் தீப் பற்றுதல். அதற்கென்றே அமைந்த சொல். கலவரம் வெடிக்கலாம், மக்களின் கோபம் வெடிக்கலாம். ஏனென்றால் உள்ளே அடைபட்டது வெளியே வருகிறது. இரண்டு அரசுகள் திட்டமிட்டுப் படை திரட்டி நடத்துவது எப்படி வெடிக்கும்? 'சர்ச்சை வெடித்தது' என்பதை நாள் ஒன்றுக்கு மூன்று முறையாவது பார்க்கிறேன். பெரும்பாலும் அவை கிளம்பிய சர்ச்சைகள்தான்.

விடிவதற்கும் வெடிப்பதற்கும் உறவு உண்டா? இருளைப் பிளந்து வருவதுதானே விடியல்?

கேட்க நன்றாக இருக்கிறது; மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். கொங்குப் பகுதியில் 'வெடியால வா' என்றால் காலையில் வா என்று பொருள். 'பொழுது வெடிந்தது' என்று பல ஊர்களில் சொல்வார்கள். ஆனால் அது பேச்சில் இகரம் எகரமாகும் வழக்கம்தான். இலை எலையாகிறது, இடம் எடமாகிறது, அது போல. அகராதிகள் விடியையும் வெடியையும் தனித்தனிச் சொற்களாகவே வைத்திருக்கின்றன. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாட முடியாது.

வெடிக்காத வெடிக்கு என்ன பெயர்?

நமத்தது. அல்லது புஸ். தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் தெருவில் ஒரு படையே இறங்கும். குப்பையாகக் கிடக்கும் சிவப்புக் காகிதத்துக்குள் வெடிக்காமல் கிடந்தவற்றைப் பொறுக்கி, டவுசர் பையில் நிரப்பிக்கொண்டு, கோயில் திண்ணைக்கு வருவோம். ஒவ்வொன்றாக உரித்து, மருந்தைப் பழைய செய்தித்தாளில் தட்டுவோம். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குவியல் சேரும். யார் பற்றவைப்பது என்று சண்டை நடக்கும். ஒரு முறை அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். புஸ் என்று ஆளுயரத்துக்கு ஒரு வெளிச்சம். என் புருவம் இரண்டும் போயின. சத்தமே கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும்தான் அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.